நாற்பதுக்குப் பிறகு மீண்டும் கல்லூரி: ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்களுக்கு எந்த உதவித்தொகை எப்போது கைகொடுக்கும்?

டெட்ராய்ட்டிலோ மெம்ஃபிஸிலோ இருக்கும் ஒரு ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் நாற்பது வயதைத் தாண்டியபின் மறுபடி கல்லூரிக்குப் போக நினைக்கிறார். இருபது வயதில் ஐம்பது கிரெடிட் (படித்த பாடங்களைக் கணக்கிடும் அலகு) வரை முடித்தவர். குழந்தை, வேலை, அம்மாவின் உடல்நிலை என்று ஏதோ ஒன்றில் படிப்பு நின்றுபோனது. இணையத்தில் 'கருப்பினப் பெண்களுக்கான ஸ்காலர்ஷிப்' என்று தேடினால் நீண்ட பட்டியல்கள் வருகின்றன. எதற்கு முதலில் விண்ணப்பிக்கச் சொல்வது என்று அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ்களிலும் (கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரிகள்) தொண்டு அமைப்புகளிலும் வேலை பார்க்கும் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வயதில் இனத்தை வைத்துத் தேடுவதைவிட, வயதையும் படிப்பில் விழுந்த இடைவெளியையும் வைத்துத் தேடுவதுதான் பலன் தரும். கருப்பின மாணவர்களுக்கென்று உள்ள நிதிகள் பெரும்பாலும் பதினெட்டு வயதுக்காரரை மனதில் வைத்து அமைந்தவை: முழுநேரப் படிப்பு, சமீபத்திய மதிப்பெண், பள்ளி ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான நிதிகளோ இனம் பார்ப்பதில்லை. ஆனால் பகுதிநேரப் படிப்பு, குழந்தைப் பராமரிப்பு, கார் ரிப்பேர் என்று இவருடைய நிஜ வாழ்க்கைக்குப் பொருந்துபவை அவைதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

தொகை எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் ஆறு கேள்விகள் இருக்கின்றன.

1. ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் இருக்கிறதா? இந்த ஒரு பதிலிலேயே பாதி வழிகள் அடைபடும் அல்லது திறக்கும்.
2. செமஸ்டருக்கு ஆறு கிரெடிட் மட்டும் எடுத்தால் பணம் கிடைக்குமா?
3. டியூஷனுக்கு (கல்லூரியின் பாடக் கட்டணத்துக்கு) மட்டுமா, வாடகைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் செலவழிக்கலாமா?
4. மற்ற உதவிகளின் மேல் சேருமா, அல்லது மற்றவை போக மிச்சத்தை மட்டும் தருமா?
5. பணம் கைக்கு வருவது செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பா, பின்பா?
6. இடையில் நின்றுவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்குமா?

| வழி | பட்டம் பெற்றவருக்கு | பகுதிநேரம் | வீட்டுச் செலவு | முக்கியச் சிக்கல் |
|---|---|---|---|---|
| பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த மாணவருக்கான கூட்டரசு மானியம்) | இல்லை | உண்டு, அளவு குறையும் | டியூஷன் போக மிஞ்சினால் | பழைய கடன், பழைய மதிப்பெண் |
| மாநில ரீகனெக்ட் திட்டங்கள் (படிக்கத் திரும்பும் பெரியவர்களுக்கு) | இல்லை | உண்டு | பெரும்பாலும் இல்லை | மிச்சத்தை மட்டுமே தரும் |
| மூத்த பெண்களுக்கான தனியார் நிதி | சிலவற்றில் மட்டும் | பெரும்பாலும் உண்டு | உண்டு | தொகை சிறிது, போட்டி உண்டு |
| கருப்பின அமைப்புகளின் நிதி | பலவற்றில் உண்டு | அரிது | நிதியைப் பொறுத்தது | முழுநேர நிபந்தனை, உறுப்பினர் சந்தா |
| வேலை தரும் நிறுவனம் | நிறுவனத்தைப் பொறுத்தது | உண்டு | இல்லை | விலகினால் திருப்பிக் கேட்கலாம் |

## பெல் கிராண்ட்: முதல் கதவு

முதல் பட்டம் முடிக்காதவர் யாராக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை. விண்ணப்பம் 'ஃபாஃப்சா' என்ற கூட்டரசுப் படிவம். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

இருபத்துநான்கு வயதைத் தாண்டியவரைத் தனித்து வாழும் மாணவராகவே கணக்கெடுப்பார்கள். பெற்றோர் வருமானம் கேட்கப்படாது. கணவர் இருந்தால் அவருடைய வருமானம் சேரும். பிரிந்து வாழ்பவர் படிவத்தில் அதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும்.

இந்தப் பணம் எவ்வளவு தூரம் வரும் என்பதைக் காலேஜ் போர்டின் 2024-25 சராசரிகளோடு வைத்துப் பார்க்கலாம். பொதுக் கம்யூனிட்டி காலேஜின் ஆண்டுக் கட்டணம் சுமார் 4,050 டாலர். முழு பெல் வாங்கும் முழுநேர மாணவிக்கு அதைக் கட்டிய பிறகும் மூவாயிரத்துக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்சம் அவர் கைக்கே வரும். மாநிலப் பொதுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்குச் சராசரி 11,610 டாலர் என்பதால் அங்கே பற்றாக்குறை. முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு மாறுவது எந்த ஸ்காலர்ஷிப்பையும்விடப் பெரிய தள்ளுபடி. ஆனால் கிரெடிட்கள் அப்படியே ஏற்கப்படுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பகுதிநேரக் கணக்கு எளிது. பன்னிரண்டு கிரெடிட் எடுத்தால் முழுத் தொகை. ஆறு எடுத்தால் பாதி. ஏழு எடுத்தால் 58 சதவீதம்.

திரும்பி வருகிறவர்கள் இடறும் இடங்கள் இந்தக் கதவிலேயே அதிகம்.

பழைய கூட்டரசுக் கல்விக் கடன் நீண்ட காலம் கட்டப்படாமல் 'டிஃபால்ட்' நிலைக்குப் போயிருந்தால் பெல் உள்பட எந்தக் கூட்டரசு உதவியும் கிடைக்காது. வெளியே வர இரண்டு வழிகள்: பத்து மாதத்துக்குள் ஒன்பது தவணைகளை ஒழுங்காகக் கட்டி மறுசீரமைப்பது, அல்லது கடன்களை ஒரே கடனாக ஒருங்கிணைப்பது. இரண்டாவது வேகமானது. இலகுவான வழியாக இருந்த 'ஃபிரெஷ் ஸ்டார்ட்' திட்டம் 2024 அக்டோபர் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. பழைய கட்டுரைகள் இன்னமும் அதைப் பரிந்துரைக்கின்றன.

பழைய மதிப்பெண். உதவி தொடர, பொதுவாகக் கல்லூரிகள் 2.0 ஜிபிஏவும் (சராசரி மதிப்பெண் புள்ளி), எடுத்த கிரெடிட்களில் சுமார் 67 சதவீதம் முடித்திருப்பதையும் எதிர்பார்க்கும். அதே கல்லூரிக்குத் திரும்பினால் 1999-இல் பாதியில் விட்ட செமஸ்டரும் இந்தக் கணக்கில் வந்து உட்காரும். மேல்முறையீடு செய்யலாம். அதில் இரண்டு விஷயம் வேண்டும்: அப்போது என்ன நடந்தது என்பதற்கு ஆதாரம், இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதற்கு விளக்கம். மருத்துவமனைக் காகிதம், இறப்புச் சான்றிதழ், விவாகரத்து ஆணை போன்றவை எடுபடும். இரண்டாவதை எழுதாமல் விடுவதால்தான் பல முறையீடுகள் தள்ளப்படுகின்றன.

வாழ்நாள் வரம்பு. மொத்தம் பன்னிரண்டு முழுநேர செமஸ்டர்களுக்கு இணையான அளவுதான். இளம் வயதில் வாங்கியதும் கழியும். மிச்சம் எவ்வளவு என்பதை கூட்டரசின் ஸ்டூடண்ட் எய்ட் தளத்திலுள்ள தன் கணக்கில் பார்க்கலாம்.

இரண்டு ஆண்டு பழைய வருமானம். 2025-26 படிவம் பார்ப்பது 2023-இன் வருமானத்தை. படிப்பதற்காக வேலையை விட்டவர் காகிதத்தில் வசதியானவராகத் தெரிவார். கல்லூரியின் நிதி உதவி அலுவலரிடம் மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்கான அதிகாரத்தைச் சட்டமே அவருக்குக் கொடுத்திருக்கிறது. வேலை நின்ற கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அலுவலர்கள் தாமாக வந்து சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இடையில் நிற்பது. செமஸ்டரின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லா வகுப்புகளையும் விட்டால் 'ஈட்டாத' பங்கைத் திருப்ப வேண்டும். பதினைந்து வார செமஸ்டரில் இது ஒன்பதாவது வாரம். எட்டாவது வாரத்தில் குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால், உடனே விலகுவதைவிட ஒரு வகுப்பை மட்டுமாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பது நல்லது.

மிச்சப் பணம் செமஸ்டர் தொடங்கிய பிறகுதான் வரும். புத்தகம் முதல் வாரமே வேண்டும். பெல் தகுதியுள்ளவர், பணம் வழங்கத் தயாராக இருந்தால், ஏழாம் நாளுக்குள் புத்தகம் வாங்க வழி செய்ய வேண்டும் என்பது கூட்டரசு விதி. கல்லூரிக் கடையில் பயன்படுத்தும் வவுச்சராக இது பெரும்பாலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

## மாநில ரீகனெக்ட் திட்டங்கள்: பெயரில் இலவசம்

டென்னஸி 2018-இல் பெரியவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை இலவசமாக்கியது. மிச்சிகன் 2021-இல் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும், மாசசூசெட்ஸ் 2023-இல் அதே வயதினருக்கும் தொடங்கின. டென்னஸியின் மெம்ஃபிஸ், மிச்சிகனின் டெட்ராய்ட் போன்ற கருப்பின மக்கள் அதிகம் வாழும் நகரங்கள் இந்த எல்லைக்குள் வருவதால் இவற்றுக்குத் தனி முக்கியத்துவம்.

ஆனால் இவை 'கடைசி டாலர்' திட்டங்கள். பெல்லையும் பிற மானியங்களையும் கழித்துவிட்டு மிஞ்சும் டியூஷனைத்தான் கட்டும். முழு பெல் வாங்கும் ஏழைத் தாய்க்கு டியூஷன் ஏற்கெனவே அடைந்துவிடுகிறது. ரீகனெக்டிலிருந்து அவருக்கு வருவது பூஜ்யமாகவே இருக்கலாம். இதனால் உண்மையில் பயனடைபவர் யார்? வருமானம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் பெல் குறைவாகவோ இல்லாமலோ போனவர்: பள்ளி அலுவலக ஊழியர், அஞ்சல் ஊழியர், மருத்துவமனை பில்லிங் பிரிவில் இருப்பவர். இவர்களுக்கு இதைவிட நல்ல திட்டம் இல்லை.

டென்னஸியில் செமஸ்டருக்குக் குறைந்தது ஆறு கிரெடிட் எடுக்க வேண்டும். ஃபாஃப்சாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மிச்சிகனில் தன் கல்லூரி மாவட்டத்துக்கு வெளியே படித்தால் கட்டண வித்தியாசம் நம் தலையில். இரண்டிலுமே ஒரு செமஸ்டர் காரணமில்லாமல் விட்டால் தகுதி ஆட்டம் காணும். விடுப்புக்கு முன்கூட்டி எழுதித் தர வேண்டும்.

## மூத்த பெண்களுக்கான தனியார் நிதிகள்: இவருக்கென்றே தைத்த சட்டை

பட்டியல்களில் கீழே ஒதுங்கிக் கிடப்பவை இவை. எங்கள் பார்வையில் பெல்லுக்கு அடுத்து நேரம் செலவழிக்கத் தகுந்தவை.

ஜெனெட் ரான்கின் நிதி. அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண் ஜெனெட் ரான்கின் ஜார்ஜியாவிலிருந்த தன் சொத்தில் ஒரு பகுதியை, வேலையற்ற மூத்த பெண் தொழிலாளர்களுக்கென்று விட்டுச்சென்றார். 1976-இல் அதிலிருந்து பிறந்தது இந்த நிதி. முப்பத்தைந்து வயதுக்கு மேல், குறைந்த வருமானம், தொழிற்பயிற்சியோ அசோசியேட் பட்டமோ (இரண்டாண்டுப் பட்டம்) முதல் இளங்கலையோ படிப்பவர் என்பது தகுதி. வயதின் கீழ் வரம்பே முப்பத்தைந்து என்பதால் இருபது வயதுக்காரர்களோடு போட்டி இல்லை.

சொரொப்டிமிஸ்ட் என்ற பெண்கள் சேவை அமைப்பின் 'லிவ் யுவர் ட்ரீம்'. தனக்கும் தன்னை நம்பியிருப்பவர்களுக்கும் முதன்மையாகச் சம்பாதிக்கும் பெண்களுக்கு. நம்பியிருப்பவர் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வயதான அப்பா, தம்பி, தங்கையும் கணக்கில் வருவர். விண்ணப்பக் காலம் ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 15 வரை. பணத்தைக் குழந்தைப் பராமரிப்புக்கும் பெட்ரோலுக்கும்கூடச் செலவழிக்கலாம். உள்ளூர் கிளப் அளவில் தொடங்கி மேலே போகும் என்பதால், கிளப் சுறுசுறுப்பாக இருக்கும் சிற்றூரில் வாய்ப்பு அதிகம். முதுகலைப் படிப்புக்குக் கிடையாது.

பி.இ.ஓ. என்ற பெண்கள் அமைப்பின் தொடர்கல்வித் திட்டம். படிப்பிலிருந்து தொடர்ந்து 24 மாதமாவது விலகியிருந்த, இப்போது படிப்பை முடிக்கும் கட்டத்தை நெருங்கிய பெண்களுக்கு. நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உள்ளூர் கிளையொன்று பரிந்துரைக்க வேண்டும். அதனால் கிளையில் யாரையும் தெரியாதவருக்கு இதன் பெயர்கூட எட்டாமல் போகலாம். அமைப்பின் தளம் வழியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் அருகிலுள்ள கிளையோடு இணைத்துவிடுவார்கள். பரிந்துரைக்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பாட்ஸி டாகெமோட்டோ மிங்க் அறக்கட்டளை. வயது வராத பிள்ளைகள் உள்ள, வருமானம் மிகக் குறைந்த தாய்மார்களுக்கு 5,000 டாலர் வரை. விருதுகள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஆனாலும் முதுகலை படிப்பவரையும் ஏற்கும் அரிய நிதி.

ஓஷர் ரீஎன்ட்ரி ஸ்காலர்ஷிப். பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளை பல பல்கலைக்கழகங்களில் நிதி வைத்திருக்கிறது. மொத்தத்தில் ஐந்தாண்டுக்குக் குறையாத இடைவெளி, முதல் இளங்கலை, பெரும்பாலும் 25 முதல் 50 வயதுக்குள். அறக்கட்டளைக்கு எழுதிப் பயனில்லை. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஐம்பதை நெருங்குபவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த நிதிகள் இனம் பார்க்காததால் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற முப்பத்தைந்தைத் தாண்டிய தமிழ்ப் பெண்களும் இதே தகுதிகளோடு விண்ணப்பிக்கலாம் என்பது வழியில் சொல்ல வேண்டியது.

## கருப்பின அமைப்புகளின் நிதிகள்: எப்போது மேல்

1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913-இன் டெல்டா சிக்மா தீட்டா, ஸீட்டா ஃபை பீட்டா, சிக்மா காமா ரோ ஆகிய சொராரிட்டிகள் (கல்லூரிப் பெண்களின் சங்கங்கள்) கல்விக்குப் பணம் ஒதுக்குகின்றன. உள்ளூர்க் கிளைகளின் ஸ்காலர்ஷிப்கள் பெரும்பாலும் பள்ளி இறுதியாண்டுக்கானவை. தேசிய அளவிலுள்ளவற்றைப் பார்ப்பது நல்லது.

யூஎன்சிஎஃப் எனும் யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட் (1944 முதல்) தனியார் கருப்பினக் கல்லூரிகளோடும், தர்குட் மார்ஷல் காலேஜ் ஃபண்ட் (1987 முதல்) பொதுக் கருப்பினக் கல்லூரிகளோடும் பிணைந்தவை. அத்தகைய கல்லூரியில் முழுநேரம் சேர முடிகிறவருக்கு இவை உண்மையிலேயே பெரிய தொகை. வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு ஆறு கிரெடிட் எடுப்பவருக்குக் கதவு பெரும்பாலும் திறக்காது.

நடுவயதுக்கு மிகவும் ஒத்துவருவது தொழில்முறை அமைப்புகள்தான். நேஷனல் பிளாக் நர்சஸ் அசோசியேஷன் தருபவை நர்சிங் படிப்பவர்களுக்கு. உறுப்பினராக இருக்க வேண்டும், படிப்பில் இன்னும் ஓராண்டாவது மிச்சமிருக்க வேண்டும். ஏற்கெனவே நர்ஸிங் உதவியாளராக வேலை பார்த்து ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக முயல்பவருக்கு அந்த அனுபவமே வலு. சந்தா, கிளைக் கூட்டங்களுக்கான நேரம் இரண்டையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டாலும் வேலைத் தொடர்புகள் மிஞ்சும்.

சட்டச் சூழல் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். இனத்தை வைத்து இடம் தருவதைத் தடுத்து 2023 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஹார்வர்ட் வழக்குத் தீர்ப்பு கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. ஆனால் மிசூரி பல்கலைக்கழகம் போன்றவை அதன் பின்னர் இனம் சார்ந்த ஸ்காலர்ஷிப்களையும் நிறுத்தின. கருப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் கொடுத்துவந்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் மீது, ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்தே வழக்குப் போடப்பட்டது. 2024 செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே மூடினார்கள். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதிய சட்டம் அது. ஆகவே 2023-க்கு முந்தைய பட்டியலை நம்பிக் கட்டுரை எழுத உட்காராதீர்கள். முதலில் இந்த ஆண்டின் தகுதிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இன நிபந்தனை எடுக்கப்பட்ட இடங்களிலும், அந்த அடையாளம் தன் வாழ்க்கையை எப்படி வடித்தது என்று கட்டுரையில் எழுதத் தடையில்லை.

## வேலை தரும் நிறுவனம்

ஆண்டுக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் கல்விக்குக் கொடுத்தால் ஊழியருக்கு வருமான வரி இல்லை. வால்மார்ட், அமேசான், டார்கெட் போன்றவை பகுதிநேர ஊழியருக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. ஸ்டார்பக்ஸ் திட்டம் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இணையவழி முதல் இளங்கலைக்கு.

நேரடியாகக் கல்லூரிக்குக் கட்டுகிறார்களா, நாம் கட்டி 'சி' கிரேடு வாங்கியபின் தருகிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் நான்கு மாதம் கிரெடிட் கார்டு வட்டி நம்முடையது. விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஓராண்டா இரண்டாண்டா என்பதும் முக்கியம். படிப்பதே அந்த வேலையை விடத்தான் என்றால் இது யோசிக்க வேண்டிய வழி.

## ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போது

தனியார் நிதி 2,500 டாலர் வந்ததும் கல்லூரி தன் சொந்த உதவியில் 2,500-ஐக் குறைத்துவிடுவது உண்டு. பொதுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்தி முதலில் சட்டம் போட்டது மேரிலாண்ட், 2017-இல். மற்ற இடங்களில் செய்யக்கூடியது இது: எல்லா உதவியும் சேர்ந்து 'படிப்புக்கான மொத்தச் செலவு' என்ற மதிப்பீட்டைத் தாண்டக்கூடாது என்பதுதான் விதி, எனவே அந்த மதிப்பீட்டையே உயர்த்தக் கேளுங்கள். குழந்தைப் பராமரிப்பு ரசீது, கணினி விலை, பயணச் செலவு ஆகியவற்றைக் கொடுத்தால் சேர்க்க இடமுண்டு. குறைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் கடனைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. டியூஷன், கட்டாயக் கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்காகும். பெல்லும் இதற்கு விலக்கல்ல.

உணவு உதவியான ஸ்னாப்பில் பாதிநேரத்துக்குக் குறையாமல் படிப்பவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அவை 18 முதல் 49 வயது வரைதான். ஐம்பதைத் தொட்டவர் படிப்பதாலேயே உணவு உதவியை இழக்கமாட்டார். நாற்பதுகளில் இருப்பவர் வாரம் 20 மணி நேர வேலை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை போன்ற விலக்குகளில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

## ஏற்கெனவே பட்டம் இருந்தால்

பெல், ரீகனெக்ட், ரான்கின், ஓஷர் எல்லாம் அடைபடும். மிஞ்சுபவை: ஏஏயூடபிள்யூ என்ற பெண்கள் கல்வி அமைப்பின் கரியர் டெவலப்மென்ட் கிராண்ட் (இளங்கலை முடித்து, வேலை மாறவோ மீண்டும் வேலைக்குத் திரும்பவோ படிக்கும் பெண்களுக்கு), மிங்க் அறக்கட்டளை, தொழில்முறை அமைப்புகள், வேலை தரும் நிறுவனம். ஆண்டுக்கு 2,000 டாலர் வரை குறைக்கும் லைஃப்டைம் லேர்னிங் வரிச் சலுகையும் உண்டு. இத்தனை ஆண்டுகள்தான் பெறலாம் என்ற வரம்பு அதற்கு இல்லை, ஆனால் வரியே கட்டாதவருக்குப் பயனில்லை.

ஆசிரியராக விரும்புபவருக்கு 'டீச் கிராண்ட்' ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தரும். படிப்பு முடிந்த எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில், பற்றாக்குறையுள்ள பாடத்தில் கற்பிக்க வேண்டும். தவறினால் முழுத் தொகையும், பணம் வாங்கிய நாளிலிருந்து வட்டியோடு, கடனாக மாறும். ஆண்டுதோறும் தர வேண்டிய சான்றிதழைத் தராததாலேயே பலருக்கு அப்படி மாறியிருக்கிறது. ஏற்கெனவே அத்தகைய பள்ளியில் உதவியாசிரியராக இருந்து அங்கேயே தொடரப்போகிறவருக்கு மட்டும் எடுக்கலாம் என்போம்.

## எந்த வரிசையில் இறங்குவது

முதல் வேலை பணம் தேடுவது அல்ல, பழைய டிரான்ஸ்கிரிப்ட்டை (கல்லூரியின் மதிப்பெண் பதிவு) வாங்குவது. பழைய கல்லூரிக்குச் சில நூறு டாலர் பாக்கி இருந்தால் அதைத் தர மறுக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் அப்படிப் பிடித்துவைப்பதைத் தடை செய்துள்ளன. டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2018-இல் தொடங்கிய திட்டம், திரும்பி வரும் மாணவரின் 1,500 டாலர் வரையிலான பாக்கியைப் படிப்படியாகத் தள்ளுபடி செய்தது. அதைப் பார்த்து வேறு கல்லூரிகளும் தொடங்கின. பாக்கி எங்கே இருக்கிறதோ அங்கேயே இப்படி ஒன்று உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து ஆகஸ்ட்டில் சொரொப்டிமிஸ்ட் விண்ணப்பம். அக்டோபரில் ஃபாஃப்சா. டென்னஸி, மிச்சிகன் திட்டங்களுக்கு அதோடு தனி விண்ணப்பமும் தர வேண்டும். குளிர்காலத்தில் ரான்கின். பரிந்துரைக் கடிதம் வேண்டிய இடங்களில் இருபது ஆண்டுக்கு முந்தைய பேராசிரியரைத் தேடி அலைய வேண்டாம். மேலதிகாரி, தேவாலயத்தில் கணக்கு வழக்கு பார்க்கும்போது உடனிருந்தவர், இப்போது சேர்ந்திருக்கும் வகுப்பின் ஆசிரியர் ஆகியோரின் கடிதங்களை இந்த நிதிகள் ஏற்கும். கடிதம் கேட்கும்போதே மூன்று வாரம் அவகாசமும், உங்கள் விண்ணப்பக் கட்டுரையின் நகலும் கொடுத்துவிடுங்கள்.